கியூடா 12.1, ஜிசிசி 13, உபுண்டு 24.04: கம்பைலர் பதிப்பு மோதலை எங்கிருந்து அவிழ்ப்பது?

கேள்வி சுருக்கமாக இதுதான். குடியாத்தத்தைச் சேர்ந்த, காட்பாடியில் உயிர்தகவலியல் முதுகலை படிக்கும் மாணவர் ஒருவர், என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு (ஜிபியு) உள்ள தம் வீட்டுக் கணினியில் உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, அந்தக் கார்டில் ஓடும் நிரல்களைக் கட்ட உதவும் கியூடா 12.1 டூல்கிட்டை என்விடியாவின் தளத்திலிருந்து தனியாக இறக்கி, புரத மூலக்கூறுகளின் அசைவைக் கணக்கிடும் க்ரோமேக்ஸ் 2024 மென்பொருளை மூலநிரலிலிருந்து பில்டு செய்ய (அதாவது, கம்பைலரால் மொழிபெயர்த்து ஓடத்தக்க மென்பொருளாகக் கட்ட) முயன்றிருக்கிறார். உபுண்டுவோடு வரும் சி, சி++ கம்பைலரின் பெயர் ஜிசிசி. முதலில் ‘ஜிசிசி 12-க்கு மேற்பட்ட பதிப்புகளுக்கு ஆதரவில்லை’ என்ற பிழைச்செய்தி வந்தது. யாரோ சொன்னபடி ஆதரவற்ற கம்பைலரை அனுமதிக்கும் தெரிவைச் சேர்த்ததும் அது மறைந்து, ‘_ஃப்ளோட்32 என்ற பெயர் வரையறுக்கப்படவில்லை’ என்று திரை நிறையப் பிழைகள் கொட்டின. இப்போது இயங்குதளத்தின் ஜிசிசியை 12-க்கு மாற்றிவிடலாமா, அல்லது எல்லாவற்றையும் அழித்துவிட்டு உபுண்டு 22.04-க்கே போய்விடலாமா என்று கேட்கிறார். நெறியாளரின் ஆய்வகக் கணினியில் உள்ள பைடார்ச் என்ற இயந்திரக் கற்றல் நூலகம் கியூடா 12.1-க்காகக் கட்டப்பட்டது என்பதால் அதே பதிப்பே வீட்டிலும் வேண்டும் என்பது அவர் சொல்லும் காரணம்.

தம்பி, இரண்டும் வேண்டாம். ஜிசிசி 12-ஐ இப்போதுள்ள 13-க்குப் பக்கத்திலேயே நிறுவிக்கொண்டு, இந்த ஒரு பில்டு மட்டும் அதைப் பயன்படுத்தும்படி சொன்னால் போதும். அதைச் செய்யும் விதத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் அதற்குமுன் உங்களுக்கு வந்த இரண்டு பிழைகளும் எதைச் சொல்கின்றன என்பதை விளக்க விரும்புகிறேன், ஏனென்றால் அடுத்த ஆண்டு வேறு பதிப்பு எண்களோடு இதே சிக்கல் உங்கள் முன் வந்து நிற்கும்.

கியூடா டூல்கிட்டுக்குள் இருக்கும் என்விசிசி என்பதைக் கம்பைலர் என்று நாம் அழைத்தாலும், அது தனியொரு கம்பைலர் அன்று. குடியாத்தத்தில் நூலைப் பிரித்துப் பல தறிகளுக்குக் கொடுத்து, நெய்து வந்த துணியை ஒன்றாகக் கட்டும் முதலாளியின் வேலையைத்தான் அது செய்கிறது. உங்கள் நிரலில் ஜிபியுவில் ஓட வேண்டிய பகுதியையும் சிபியுவில் ஓட வேண்டிய பகுதியையும் பிரித்து, முதல் பகுதியை எல்எல்விஎம் அடிப்படையிலான தன் சொந்தக் கம்பைலருக்கு அனுப்பிப் பிடிஎக்ஸ் என்ற இடைநிலை வடிவமாகவும், பிறகு பிடிஎக்ஸ்ஏஎஸ் என்ற கருவியின் வழியாக அந்தக் கார்டுக்கே உரிய இயந்திரக் குறிமுறையாகவும் மாற்றுகிறது. சிபியு பகுதியை அது தானாக மொழிபெயர்ப்பதே இல்லை. அதை உங்கள் கணினியில் உள்ள, ஜிசிசியின் சி++ கம்பைலரான ஜி++-இடம் ஒப்படைத்துவிடுகிறது. இந்த இரண்டாவது கம்பைலரைத்தான் ஹோஸ்ட் கம்பைலர் என்கிறார்கள்.

பிரிக்கும் வேலை நடக்க வேண்டுமென்றால், என்விசிசி உங்கள் கோப்பு முழுவதையும் ஒரு முறை படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். ‘முழுவதையும்’ என்பதில் நீங்கள் எழுதிய நூறு வரி மட்டுமல்லாமல், அந்த நூறு வரி உள்ளே இழுக்கும் வெக்டர், ஸ்ட்ரிங், ஃபங்ஷனல் போன்ற ஜிசிசியின் சி++ ஹெடர் கோப்புகளும், லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சியின் சி ஹெடர் கோப்புகளும் அடங்கும். (ஹெடர் என்பது நூலகத்தில் என்னென்ன உண்டு என்று அறிவிக்கும் கோப்பு.) ஆக, ஜிசிசி தனக்காக எழுதிவைத்த ஹெடர்களை, ஜிசிசி அல்லாத இன்னொரு நிரல் படிக்கிறது. ஜிசிசியின் புதிய பதிப்பு வந்து அந்த ஹெடர்களில் புதிய இலக்கணம் ஒன்று நுழைந்துவிட்டால், பழைய டூல்கிட்டுக்குள் நிரலைப் படிக்கும் பகுதியான பகுப்பிக்கு அது புரிவதில்லை. நீங்கள் பார்க்கும் மோதல்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் இந்த ஒரே இடம்தான்.

இதை அறிந்துதான் டூல்கிட்டுக்குள் ஹோஸ்ட்_கான்ஃபிக் என்ற ஹெடர் கோப்பில் என்விடியா ஒரு காவல் வைத்திருக்கிறது. பில்டு தொடங்கியதும் அது ஜிசிசியின் பெரும்பதிப்பு எண்ணைப் பார்த்து, தனக்குத் தெரிந்த எல்லையைத் தாண்டினால் உடனே நிறுத்திவிடுகிறது. உங்கள் முதல் பிழை அங்கிருந்து வந்தது. காலவரிசையைப் பார்த்தால் இதில் குறைபட்டுக்கொள்ள ஒன்றுமில்லை: கியூடா 12.1 வெளிவந்தது 2023 பிப்ரவரியில். ஜிசிசி 13 வெளிவந்தது அதே ஆண்டு ஏப்ரலில். பிறக்காத கம்பைலரை எந்த டூல்கிட்டும் சோதித்திருக்க முடியாது. ஜிசிசி 13-ஐ ஏற்றுக்கொண்ட முதல் டூல்கிட் 2024 மார்ச்சில் வந்த 12.4. உபுண்டு 24.04 அதற்கு அடுத்த மாதம் ஜிசிசி 13-ஐ இயல்பு கம்பைலராக வைத்துக்கொண்டு வந்தது. எனவே 12.4-க்கு முந்தைய எந்தக் கியூடாவை அந்த உபுண்டுவில் போட்டாலும், வேறொன்றும் செய்யாமல் விட்டால் இந்தக் காவலில் மாட்டியே தீரும்.

மற்ற இணைகளையும் சொல்லிவிடுகிறேன். கியூடா 10.2 ஜிசிசி 8 வரை ஏற்கும், 11.0 ஜிசிசி 9 வரை; 11.8 ஜிசிசி 11 வரை, 12.0 முதல் 12.3 வரையிலானவை ஜிசிசி 12 வரை, 12.4 முதல் 12.6 வரையிலானவை ஜிசிசி 13 வரை, 12.8 ஜிசிசி 14 வரை. இயங்குதளத்தின் பக்கம் உபுண்டு 20.04-இல் இயல்பாக இருப்பது ஜிசிசி 9, 22.04-இல் 11, 24.04-இல் 13, டெபியன் 12-இல் 12. இந்த இரண்டு வரிசைகளையும் எதிரெதிரே வைத்துப் பார்த்துவிட்டு டூல்கிட்டை இறக்கினால் பாதிப் பிரச்சினை தொடங்கவே தொடங்காது.

இனி இரண்டாவது பிழை. காவலைத் தாண்டும் தெரிவைக் கொடுத்ததும் என்விசிசி ஜிசிசி 13-இன் ஹெடர்களைப் படிக்கத் தொடங்கியது. _ஃப்ளோட்32 போன்ற மிதப்புப் புள்ளி வகைகளை சி++ மொழியிலும் உள்ளமைந்த வகைகளாக ஏற்கத் தொடங்கியது ஜிசிசி 13. ஜிலிப்சியின் ஹெடரில் இதற்கு ஒரு நிபந்தனை எழுதப்பட்டிருக்கிறது: சி++ நிரலைப் படிக்கும் கம்பைலர் ஜிசிசி 13-க்கு முந்தையது என்றால் _ஃப்ளோட்32 என்பதற்கு ஹெடரே ஒரு மாற்றுப்பெயர் கொடுத்துவிடும், 13 அல்லது அதற்கு மேல் என்றால் கம்பைலருக்கே தெரியும் என்று விட்டுவிடும். என்விசிசியின் பகுப்பியோ ஹோஸ்ட் கம்பைலரின் பதிப்பு எண்ணையே தன் எண்ணாகக் காட்டிக்கொள்கிறது. ‘நான் ஜிசிசி 13’ என்று அது சொன்னதை ஹெடர் நம்பி, மாற்றுப்பெயரைக் கொடுக்காமல் ஒதுங்கிக்கொள்ள, பகுப்பிக்கு அந்த வகை உண்மையில் தெரியாததால் பிழை வருகிறது. உங்கள் க்ரோமேக்ஸ் நிரலில் எந்தத் தவறும் இல்லை; கார்டிலும் இல்லை. ஆதரவில்லை என்று காவல் சொன்னது உண்மை என்பதற்கு இந்தப் பிழையே சாட்சி.

எல்லைக்குள் இருந்தாலும் சில நேரம் இடிக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். உபுண்டு 22.04-இன் சொந்தக் களஞ்சியத்தில் கிடைக்கும் கியூடா 11.5-உம், அதே உபுண்டுவின் ஜிசிசி 11-உம் சேரும்போது, ஸ்டிடி_ஃபங்ஷன் என்ற ஹெடரின் 435-ஆம் வரியில் ‘பேராமீட்டர் பேக் விரிக்கப்படவில்லை’ என்ற பிழை வந்து பலரை அலைக்கழித்தது. காவல் அனுமதித்தது, பகுப்பி தடுமாறியது. அங்கும் தீர்வு ஜிசிசி 10-ஐப் பக்கத்தில் வைத்துக்கொள்வது, அல்லது டூல்கிட்டை மேலேற்றுவது. காவல் கேட்பது எண்ணை மட்டுமே என்பதால், பிழைச்செய்தியில் வரும் கோப்பின் பாதையைப் பாருங்கள். பிழை உங்கள் மென்பொருளின் கோப்புறையில் இருந்தால் மென்பொருளைச் சந்தேகியுங்கள். இயங்குதளத்தின் இன்க்ளூட் கோப்புறைக்குள் சி++ ஹெடரிலோ ஜிலிப்சி ஹெடரிலோ இருந்தால், டூல்கிட்டும் ஹோஸ்ட் கம்பைலரும் ஒத்துப்போகவில்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம்.

அந்தப் பாதையைப் பார்க்க வேண்டுமென்றால் முதல் பிழையைக் கண்டுபிடிக்க வேண்டும். பதினாறு வேலைகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டு பில்டு செய்தால், திரையின் அடியில் தெரிவது ஏதோ ஒரு வேலையின் கடைசிப் புலம்பல். ஒரே ஒரு வேலையாக ஓடவிட்டு, வெர்போஸ் தெரிவை இயக்கி, வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்து, மேலிருந்து கீழே படியுங்கள். முதல் ‘எரர்’ என்ற சொல்லுக்குப் பின்னால் வருபவற்றை ஒதுக்கிவிடலாம். உதவி கேட்கும்போதும் கடைசி இருபது வரியை ஒட்டாமல் இந்த முதல் பிழையையும் அதற்கு மேலுள்ள கட்டளை வரியையும் அனுப்பினால், பதில் சொல்பவரின் வேலை மிகவும் குறையும்.

இப்போது செய்ய வேண்டியது. உபுண்டு 24.04-இன் களஞ்சியத்திலேயே ஜிசிசி 12 இருக்கிறது. ஜிசிசி-12, ஜி++-12 என்ற இரண்டு பொதிகளையும் ஏபிடி வழியாக நிறுவுங்கள். ஜிசிசி-12-ஐ மட்டும் போட்டுவிட்டு ஜி++-12-ஐ மறந்தால், ‘சிசி1பிளஸ் என்ற நிரலை இயக்க முடியவில்லை’ என்று புதியதொரு பிழை வரும். அதைப் பார்த்துப் பலர் மறுபடியும் டூல்கிட்டைக் குறைசொல்லத் தொடங்குகிறார்கள். இந்தப் பொதிகள் 13-ஐ நீக்குவதில்லை, இயல்பு கம்பைலரை மாற்றுவதும் இல்லை. ஜி++-12 என்ற பெயரில் தனியாக நிற்கும்.

பிறகு க்ரோமேக்ஸின் பழைய பில்டு கோப்புறையை முழுவதுமாக அழித்துவிடுங்கள். இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு: பில்டை அமைத்துத் தரும் கருவியான சிமேக், முதன்முறை கண்டுபிடித்த கம்பைலரின் பாதையைத் தன் கேஷ் கோப்பில் எழுதி வைத்துக்கொள்கிறது, அதே கோப்புறையில் நீங்கள் வேறு கம்பைலரைக் கொடுத்தாலும் அது பழையதையே பிடித்துக்கொண்டிருக்கலாம், அல்லது பாதி பழையதும் பாதி புதியதுமாகக் கலந்துவிடலாம். சிமேக் 3.24 முதல் ஃப்ரெஷ் என்ற தெரிவு இருக்கிறது என்றாலும், கோப்புறையை அழிப்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

புதிய கோப்புறையில் சிமேக்கை அழைக்கும்போது நான்கு மாறிகளைத் தர வேண்டும். சிமேக்_சி_கம்பைலர் என்பதற்கு ஜிசிசி-12; சிமேக்_சிஎக்ஸ்எக்ஸ்_கம்பைலர் என்பதற்கு ஜி++-12; சிமேக்_கியூடா_ஹோஸ்ட்_கம்பைலர் என்பதற்கும் அதே ஜி++-12; சிமேக்_கியூடா_கம்பைலர் என்பதற்கு 12.1 கோப்புறைக்குள் உள்ள என்விசிசியின் முழுப் பாதை. மூன்றாவது மாறியைக் கொடுத்தாலே பிழை நின்றுவிடும் என்றாலும், முதல் இரண்டையும் சேர்த்துத் தரச் சொல்கிறேன். மென்பொருளின் ஒரு பாதியை 13-உம் மறு பாதியை 12-உம் மொழிபெயர்த்தால் பெரும்பாலும் இணைந்துவிடும். ஆனால் இணைப்பு நேர மேம்படுத்தல் இயக்கப்பட்டிருந்தால், ஒன்றின் இடைநிலைக் குறிமுறையை மற்றது படிக்க மறுத்துவிடும். ஒரு பில்டுக்கு ஒரு ஹோஸ்ட் கம்பைலர் என்று வைத்துக்கொள்வது நல்லது. சிமேக் இல்லாமல் என்விசிசியை நேரடியாக அழைப்பதாக இருந்தால் சிசிபின் என்ற தெரிவு இதே வேலையைச் செய்யும்.

நான்காவது மாறிக்குக் காரணம் வேறு. டூல்கிட்டைத் தேடிய அலைச்சலில் உபுண்டுவின் என்விடியா-கியூடா-டூல்கிட் என்ற பொதியையும் பலர் நிறுவியிருப்பார்கள், 24.04-இல் அது கியூடா 12.0. அப்படியானால் உங்கள் கணினியில் இரண்டு என்விசிசிகள் இருக்கும். எது முதலில் அகப்படும் என்பது பாத் மாறியின் வரிசையைப் பொறுத்தது. ஒன்றின் கம்பைலர், மற்றதன் ஹெடர், மூன்றாவதாகக் காண்டா என்ற பொதி மேலாளரின் சூழலிலிருந்து வந்த ஒரு ரன்டைம் நூலகம் என்று சேர்ந்துகொண்டால் வரும் பிழைகளுக்கு எந்த விளக்கமும் பொருந்தாது. என்விசிசி எங்கே இருக்கிறது என்று விச் கட்டளையால் கேளுங்கள்; உபுண்டு பொதி இருந்தால் நீக்கிவிடுங்கள். பில்டு செய்யும்போது காண்டா சூழலை அணைத்துவிடுங்கள், ஏனெனில் அதனுள் கம்பைலர் பொதி இருந்தால், சூழலை இயக்கியவுடன் சிசி, சிஎக்ஸ்எக்ஸ் என்ற சூழல் மாறிகளைத் தன் பக்கம் திருப்பிவிடும்.

எல்லாம் சொன்னபடி அமைந்ததா என்று சரிபார்க்க ஒரு நல்ல வழி உண்டு. மூன்று வரியில் ஒரு சிறிய கியூடா நிரல் எழுதி, சிசிபின் தெரிவில் ஜி++-12-ஐக் குறிப்பிட்டு, அதை என்விசிசியிடம் டிரைரன் என்ற தெரிவோடு கொடுங்கள். எதையும் இயக்காமல், தான் அடுத்தடுத்து அழைக்கப் போகும் கருவிகளின் முழுக் கட்டளைகளை அது அச்சிட்டுக் காட்டும். அதில் ஜி++-12 என்ற பெயர் வருகிறதா என்று பார்த்தாலே போதும். வெளியில் அதிகம் பேசப்படாத தெரிவு இது. பதிப்பு மோதல்களில் எனக்கு மிகவும் பயன்படுவதும் இதுவே.

நீங்கள் கேட்ட முதல் யோசனைக்கு வருகிறேன். அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் மூலம் இயங்குதளம் முழுவதற்கும் ஜிசிசி 12-ஐ இயல்பாக்கலாம் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். வேலை செய்யும், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். கார்டை இயக்கும் என்விடியா டிரைவருக்கு, இயங்குதளத்தின் கருவான கர்னலோடு இணையும் மாட்யூல் ஒன்று உண்டு. அது ஒவ்வொரு முறை கர்னல் புதுப்பிக்கப்படும்போதும் டிகேஎம்எஸ் என்ற ஏற்பாட்டின் வழியாக உங்கள் கணினியிலேயே மறுபடி கம்பைல் செய்யப்படலாம். கர்னல் எந்த ஜிசிசியால் கட்டப்பட்டதோ அதே பதிப்பை அந்த வேலை எதிர்பார்க்கும். உபுண்டு 22.04-இல் 6.5 கர்னல் வந்தபோது இதன் விளைவை எல்லோரும் பார்த்தோம்: கர்னல் ஜிசிசி 12-ஆல் கட்டப்பட்டது, கணினியின் இயல்பு ஜிசிசியோ 11; 12-இல்தான் அறிமுகமான ஒரு தெரிவு 11-க்குப் புரியாமல் டிரைவர் மாட்யூல் கட்டப்படவில்லை; மறுதொடக்கத்துக்குப் பின், கார்டின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை டிரைவரோடு பேச முடியவில்லை என்றது. ஒரு மென்பொருளுக்காக இயல்பு கம்பைலரை மாற்றினால் அதே நிலையை நாமே வலிந்து உண்டாக்கிக்கொள்கிறோம்.

ஹோஸ்ட்_கான்ஃபிக் கோப்பைத் திறந்து காவல் வரியைக் குறிப்புரையாக மாற்றிவிடும் வழக்கமும் இருக்கிறது. அனுமதிக்கும் தெரிவைவிட இது மோசம். தெரிவு என்றால் உங்கள் கட்டளையில் எல்லோர் கண்ணிலும் படும். கோப்பைத் திருத்தினால் ஆய்வகத்தில் அதே கணினியைப் பகிரும் அடுத்த மாணவருக்கு எந்த எச்சரிக்கையும் இல்லாமல் போய்விடும். அந்தப் பிழைச்செய்தியின் இரண்டாவது வாக்கியத்தை யாரும் படிப்பதில்லை. ஆதரவற்ற கம்பைலரைப் பயன்படுத்தினால் கம்பைல் ஆகாமல் போகலாம், அல்லது ஓடும்போது தவறான விளைவு வரலாம் என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. கம்பைல் ஆகாமல் போவது நமக்கு நல்லதே, உடனே தெரிந்துவிடும். ஓடிக்கொண்டே தவறான எண்ணைத் தருவதுதான் அச்சம். விளையாட்டு ஒன்றுக்கு அந்தத் தெரிவைக் கொடுத்துப் பார்க்கலாம். ஆய்வேட்டில் அச்சாகப் போகும் ஆற்றல் மதிப்புகளுக்குக் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

உபுண்டுவை 22.04-க்கு மாற்றுவது பற்றி: அதன் ஜிசிசி 11 கியூடா 12.1-க்கு உரிய எல்லைக்குள் இருப்பதால் பில்டு எளிதாக முடியும் என்பது உண்மை. ஆனால் அதற்காகக் கணினியையே அழிக்கத் தேவையில்லை. கன்டெய்னர் என்பது கணினிக்குள்ளேயே வேறொரு இயங்குதளச் சூழலைத் தனியாக ஓட்டும் ஏற்பாடு, டாக்கர் அதை ஓட்டும் மென்பொருள். என்விடியா வெளியிடும் கன்டெய்னர் படிமங்களில் கியூடா 12.1-உம் உபுண்டு 22.04-உம் சேர்ந்த டெவல் வகை ஒன்று இருக்கிறது. ரன்டைம் என்று பெயரிட்ட வகையில் என்விசிசி இருக்காது, அதனால் டெவல் என்பதையே எடுங்கள். டாக்கரும் என்விடியா கன்டெய்னர் டூல்கிட்டும் உங்கள் கணினியில் இருந்தால், உள்ளே பழைய உலகம், வெளியே புதிய உலகம், இரண்டுக்கும் பொதுவாக டிரைவர் மட்டும் என்ற ஏற்பாடு கிடைக்கும். படிமம் பல ஜிபி அளவுள்ளது. கைப்பேசி டேட்டாவில் இறக்காமல் கல்லூரி இணைப்பில் இறக்கிக்கொள்வது மேல். ஆய்வகத்துக்கும் வீட்டுக்கும் ஒரே சூழல் வேண்டும் என்ற உங்கள் நெறியாளரின் எண்ணத்துக்கு உண்மையில் இதுவே மிகவும் பொருத்தமான விடை.

கன்டெய்னர் தவிர்க்க முடியாததாகும் ஓரிடமும் உண்டு. ஜிசிசியைப் பல பதிப்புகளாகப் பக்கத்தில் வைக்கலாம். ஜிலிப்சியை அப்படி வைக்க முடியாது, இயங்குதளத்துக்கு ஒன்றுதான். 2025 தொடக்கத்தில் வந்த ஜிலிப்சி 2.41 சைன்பை, காஸ்பை போன்ற கணிதச் சார்புகளைத் தன் ஹெடரில் புதிதாக அறிவித்தது. அதே பெயர்களைக் கியூடாவின் கணித ஹெடரும் பல ஆண்டுகளாக அறிவித்து வருகிறது. இரண்டு அறிவிப்புகளிலும் விதிவிலக்கு எறிதல் பற்றிய குறிப்பு ஒத்துப்போகாததால், அதை அறியாத பழைய டூல்கிட்டுகள் ஃபெடோரா 42, டெபியன் 13 போன்றவற்றில் எந்த ஜிசிசியைக் கொடுத்தாலும் நின்றுவிடுகின்றன. உபுண்டு 24.04-இல் இருப்பது ஜிலிப்சி 2.39 என்பதால் இந்தச் சிக்கல் உங்களுக்கு இல்லை. ஆனால் அடுத்த பதிப்புக்கு மேலேற்றும்படி உபுண்டு கேட்கும்போது உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பைடார்ச் பற்றியும் ஒரு திருத்தம். பைடார்ச் தன் நீட்சிகளைக் கட்டும்போது டூல்கிட்டின் பதிப்பைச் சரிபார்க்கும். பெரும்பதிப்பு வேறாக இருந்தால் மறுத்துவிடும். சிறுபதிப்பு மட்டும் வேறாக இருந்தால் எச்சரித்துவிட்டுத் தொடரும். எனவே 12.1-க்காகக் கட்டப்பட்ட பைடார்ச்சோடு 12.4 டூல்கிட்டைப் பயன்படுத்துவது முடியாத காரியம் அன்று. நீங்கள் கட்டும் க்ரோமேக்ஸ் 2024-க்கோ பைடார்ச் தேவையே இல்லை. ஆய்வகத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் தளர்ந்தால், 12.4-ஐத் தனிக் கோப்புறையில் நிறுவி, இயல்பான ஜிசிசி 13-ஐயே பயன்படுத்தலாம். இரண்டு டூல்கிட்டுகள் ஒரே கணினியில் பகையின்றி இருக்கும். நிறுவும்போது டூல்கிட்டை மட்டும் தேர்ந்தெடுங்கள். டிரைவரையும் சேர்த்து நிறுவட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். டிரைவரை உபுண்டுவே பார்த்துக்கொள்ளட்டும்.

டிரைவர் என்றதும் எழும் குழப்பம் ஒன்று. என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையின் மேல் வரியில் ‘கியூடா வெர்ஷன்’ என்று ஓர் எண் தெரியும். அது நீங்கள் நிறுவிய டூல்கிட்டின் எண் அன்று. அந்த டிரைவர் அதிகபட்சமாக எந்தக் கியூடாவைத் தாங்கும் என்பதே அது. டூல்கிட்டின் எண்ணை என்விசிசியிடம்தான் கேட்க வேண்டும். முதலில் சொன்ன எண் இரண்டாவது எண்ணைவிடச் சிறியதாக இருந்தால்தான் கவலை. கியூடா 12 வரிசைக்கு லினக்ஸில் டிரைவர் குறைந்தது 525 வரிசையாக இருக்க வேண்டும். டிரைவர் பழையதாகவும் டூல்கிட் புதியதாகவும் இருந்தால் பில்டு ஒழுங்காக முடிந்துவிடும்; ஓட்டும்போது ‘டிரைவரின் பதிப்பு ரன்டைமுக்குப் போதாது’ என்றோ, ‘இந்தப் பிடிஎக்ஸ் ஆதரவற்ற கருவித்தொகுதியால் கட்டப்பட்டது’ என்றோ வரும். கம்பைலரை மாற்றிப் பார்த்துப் பயனில்லாத இடம் இது.

கார்டின் கட்டமைப்பு எண்ணும் பில்டில் சரியாகப் போக வேண்டும். ஆர்டிஎக்ஸ் 3060-இன் கணிப்புத் திறன் எண் 8.6. அதை 86 என்று சிமேக்_கியூடா_ஆர்க்கிடெக்சர்ஸ் என்ற மாறிக்குக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் க்ரோமேக்ஸ் பல தலைமுறைக் கார்டுகளுக்கும் சேர்த்துக் கட்டும், நேரம் பன்மடங்காகும். ஆய்வகத்தில் ஜிடிஎக்ஸ் 1080 போன்ற பழைய கார்டு இருந்து, இங்கே கட்டியதை அங்கே எடுத்துச் சென்றால், ‘இந்தக் கருவியில் இயக்கத்தக்க கெர்னல் படிமம் இல்லை’ என்று வரும். அதற்கு 61-ஐயும் சேர்த்துக் கட்ட வேண்டும். கியூடா 13.0 பாஸ்கல் (ஜிடிஎக்ஸ் 1080 இதில் அடங்கும்), வோல்டா தலைமுறைகளை விட்டுவிட்டது என்பதால், அப்படிப்பட்ட கார்டுகள் உள்ள ஆய்வகங்கள் 12 வரிசையிலேயே நிற்க வேண்டியிருக்கும்.

விண்டோஸில் உள்ள உங்கள் நண்பர்களுக்கும் இதே கதைதான், ஜிசிசியின் இடத்தில் விஷுவல் ஸ்டுடியோ இருக்கும். அதன் 2022-ஆம் பதிப்பு 17.10-க்குப் புதுப்பித்துக்கொண்ட நாளில் அதன் ஹெடர்கள் கியூடா 12.4-ஐயாவது எதிர்பார்க்கத் தொடங்கின. நேற்றுவரை ஓடிய பில்டு இன்று நிற்பதற்கு அங்கே பெரும்பாலும் இதுவே காரணம்.

இனி, பதிப்பு மோதல் போலத் தோன்றி அப்படி அல்லாத இரண்டைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் இவை அடிக்கடி வரும். ஒன்று, எந்த விளக்கமும் இல்லாமல் ‘கில்டு’ என்ற ஒற்றைச் சொல்லோடு பில்டு நின்றுபோவது. ஜிபியு நிரல்களை மொழிபெயர்க்கும் நிலையில் ஒவ்வொரு வேலையும் நினைவகத்தைப் பெரிதாக விழுங்கும். 16 ஜிபி நினைவகத்தில் பதினாறு வேலைகளை ஓடவிட்டால் லினக்ஸே ஒன்றைக் கொன்றுவிடும். வேலைகளின் எண்ணிக்கையை நான்காகக் குறையுங்கள். சித்திரை, வைகாசியில் வேலூர் வெயில் 40 பாகையைத் தாண்டும்போது, மின்விசிறி அடைத்த மடிக்கணினி வேகத்தைக் குறைத்துக்கொள்வதற்கும் இதே மருந்து உதவும். மற்றொன்று மின்வெட்டு. பில்டின் நடுவே மின்சாரம் போனால் பாதி எழுதப்பட்ட ஆப்ஜெக்ட் கோப்புகள் வட்டில் தங்கிவிடும். மின்சாரம் வந்ததும் மேக் கட்டளையை மறுபடி கொடுத்தால், அந்தக் கோப்பு ஏற்கெனவே இருக்கிறது என்று நம்பி அது தாண்டிப்போகும்; கடைசியில் இணைக்கும்போது ‘கோப்பின் வடிவம் அறியப்படவில்லை’ என்று நிற்கும். கம்பைலரைத் தொடாதீர்கள், மேக் க்ளீன் கொடுத்துவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள்.

பில்டு முடிந்து, மேக் செக் சோதனைகளும் தேறிய பிறகு, ஜிஎம்எக்ஸ் கட்டளையை வெர்ஷன் தெரிவோடு ஓட்டிப் பாருங்கள். எந்த சி கம்பைலர், எந்த சி++ கம்பைலர், எந்தக் கியூடா கம்பைலர், கட்டும்போது கொடுத்த தெரிவுகள் யாவை, இப்போதுள்ள டிரைவரும் ரன்டைமும் எந்தப் பதிப்பு என்பதையெல்லாம் அது வரிசையாக அச்சிடும். சி++ கம்பைலர் வரியில் 12 என்றும், கியூடா கம்பைலர் வரியில் 12.1 என்றும் இருக்க வேண்டும். தெரிவுகளின் வரியில் ஆதரவற்ற கம்பைலரை அனுமதிக்கும் தெரிவு இருக்கக் கூடாது. அந்த வெளியீட்டை ஓர் உரைக் கோப்பாகச் சேமித்து, ஆய்வகக் கணினியில் எடுத்த அதே வெளியீட்டோடு வரிக்கு வரி ஒப்பிட்டு உங்கள் நெறியாளரிடம் காட்டுங்கள். வேறுபாடு ஏதும் தென்பட்டால், அந்த இரண்டு கோப்புகளையும் சேர்த்தே அடுத்த கேள்வியை அனுப்புங்கள்.